கயிறும் காற்றுப்பையும்

மன்னார் வளைகுடாவில் தண்ணீர் 25 டிகிரிக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ஸ்காட்லாந்தின் ஸ்காபா ஃப்ளோவில், 1919 ஜூனில் ஜெர்மன் கடற்படை தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்த அந்த வளைகுடாவில், கோடையிலும் 13, 14 டிகிரிதான். வேலை அங்கே, ஊர் இங்கே என்பதால் இரண்டு தண்ணீரிலும் இறங்குகிறேன். ஸ்கூபா பழகியவர்கள் நாலு பேர் கூடினால் தவறாமல் வரும் கேள்வி எனக்கும் வந்தது: இரண்டுக்கும் ஒரே மிதப்புச் சட்டை போதுமா, இல்லை தனித்தனியாக வாங்க வேண்டுமா?

கடைக்காரரிடம் கேட்டு முடித்துவிட வேண்டிய விஷயம் போலத்தான் இருக்கும். ஆனால் கணக்குப் போட உட்கார்ந்தால், கடலுக்குள் என் உயிரை யார் கையில் கொடுத்துவிட்டு இறங்குகிறேன் என்ற இடத்துக்கு அது போய்ச் சேர்கிறது. முதலில் கணக்கு.

பிசிடி என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் இந்தச் சட்டை, அடிப்படையில் முதுகிலோ விலாவிலோ கட்டிக்கொள்ளும் ஒரு காற்றுப்பை. பொத்தானை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று ஏறும், இன்னொன்றை அழுத்தினால் வெளியேறும். இது எதற்கு? சிலிண்டரில் அடைத்த காற்றுக்கும் எடை உண்டு. வழக்கமான 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் காற்று மட்டுமே ஏறக்குறைய இரண்டரை கிலோ. மூச்சுவிட விட அது குறைந்துகொண்டே வரும். மேலே வருமுன் ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் சிலிண்டர் காலியாகி, ஆளை மேலே இழுக்கும். அங்கே அசையாமல் நிற்க எவ்வளவு ஈயம் தேவையோ, அவ்வளவையும் முதல் நிமிஷத்திலிருந்தே இடுப்பில் சுமந்தாக வேண்டும். கடைசி மூன்று நிமிஷத்துக்காக முழு நேரமும் சுமக்கும் எடை அது. அந்த உபரி எடையைத் தாங்குவதுதான் பையின் முதல் வேலை.

இரண்டாவது வேலை உடையால் வருகிறது. நியோபிரீன் என்பது நுண்ணிய குமிழிகள் அடைத்த ரப்பர். பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பு, முப்பதில் நாலு மடங்கு. குமிழிகள் நசுங்க, உடை மெலிந்து மிதப்பை இழக்கும். தூத்துக்குடிக்குப் போதுமான 3 மில்லிமீட்டர் உடையில் இந்த இழப்பு ஓரிரு கிலோ. குளிர்நீருக்கான 7 மில்லிமீட்டர் இரட்டை அடுக்கில், ஆளின் பருமனைப் பொறுத்து, எட்டு கிலோவைக்கூடத் தொடலாம். ஆகவே வெப்பக் கடலில் ஏழெட்டு கிலோ தூக்கும் பை தாராளம். குளிர்க் கடலில் பதினான்காவது வேண்டும்.

அப்படியானால் பெரியதாக ஒன்றை, இருபது இருபத்தைந்து கிலோ தூக்குவதை வாங்கிவிட்டால் இரண்டுக்கும் ஆயிற்றே? பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய பை, தேவைக்குமேல் ஈயம் கட்டியிருப்பதை மறைத்துவிடும். நாலு கிலோ கூடுதலாகச் சுமந்தாலும், கூடக் கொஞ்சம் காற்றை ஏற்றி ஈடுகட்டலாம். ஆளுக்குத் தெரியவே தெரியாது. அந்தக் காற்றோ ஏறும்போது விரியும், இறங்கும்போது சுருங்கும். எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு அடங்காது. குளிர்நீரில் காற்றேற்றும் வால்வு உறைந்து திறந்தபடியே மாட்டிக்கொள்வதும் உண்டு. அப்போது பெரிய பை உங்களைக் காப்பாற்றாது, பலூன்போல மேலே கொண்டுபோகும். நுரையீரலுக்கு அதைவிடக் கெட்ட செய்தி இல்லை. (மென்பொருள்காரர்களுக்குத் தெரியும், சர்வரைப் பெரிதாக்கி நினைவகக் கசிவை மறைப்பது எந்த ரகப் பாதுகாப்பு என்று.)

ஆகவே பையின் அளவை வேறொரு கேள்வியால் முடிவு செய்கிறேன்: இது கிழிந்துபோனால் எதை வைத்து மேலே வருவேன்? வெப்பக் கடலில் பதில் எளிது. ஈயம் குறைவு, துடுப்பை உதைத்தே வந்துவிடலாம். குளிர்க் கடலில் அது நடக்காது. ஈயத்தில் ஒரு பகுதி கையால் கழற்றும்படி இருக்க வேண்டும். டிரை சூட் போட்டிருந்தால், அதனுள் இருக்கும் காற்று இரண்டாவது பையாக உதவும். கருவி வேலை செய்யும் நேரத்தைவிட அது கைவிடும் நேரத்தை வைத்தே அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கள் கடற்கரையில் நூற்றாண்டுக் கணக்கில் மனிதர்கள் பையே இல்லாமல் இறங்கியிருக்கிறார்கள். தூத்துக்குடிக்கு வெளியே 'பார்' என்று சொல்லப்படும் முத்துப்படுகைகளில் குளித்தவர்கள் பதினைந்து கிலோவோ அதற்கு மேலோ வரும் கல்லில் காலை ஊன்றிக்கொண்டு ஒரே மூச்சில் அடிக்குப் போவார்கள். கால் தரையைத் தொட்டதும் கல்லை விட்டுவிடுவார்கள். மேலே இருப்பவர் அதைக் கயிற்றோடு இழுத்துக்கொள்வார். இரண்டு பேருக்கு ஒரு கல், மாறி மாறி. ஒரு நிமிஷம்போலச் சிப்பி பொறுக்கிவிட்டுத் தன் கயிற்றைச் சுண்டினால், ஆளையும் வலைப்பையையும் சேர்த்து மேலே இழுப்பார்கள். பொறியாளனாக எனக்கு இதில் வியப்பான விஷயம், எடை இறங்குவதற்கு மட்டுமே என்பது. கடைசி மூன்று நிமிஷத்துக்கான ஈயம் என்ற பிரச்சினையே கிடையாது. அதற்கு விலை, ஏறுவது முழுக்க இன்னொருவர் கையில்.

கயிற்றைப் பிடிப்பவர் மனைவியின் சகோதரனாகத்தான் இருப்பார் என்று நம் பக்கத்தில் ஒரு கதை உண்டு. அக்காள் தாலி அறுக்கப்படுவதை மச்சினன் விரும்பமாட்டான் அல்லவா! மேடைப் பேச்சுகளிலும் பள்ளிக்கூடத்திலும் இதைப் பல தடவை கேட்டிருக்கிறேன். தூத்துக்குடியில் சங்கு குளித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார்.

"மச்சானாவது மாப்ளையாவது. அன்னைக்கி எவன் தோணில ஏறுறானோ அவந்தான் தம்பி கயிறு. ஆனா ஒருக்க அசந்து இழுத்தாம்னா, மறுநாளு அவன் கைல ஒருத்தனும் கயித்தக் குடுக்க மாட்டான்."

அவர் சொன்னது எனக்கு மச்சினன் கதையைவிடப் பெரிதாகப் பட்டது. மச்சினன் கதையில் இருப்பது ஒரு காப்பீடு: அவனுக்கும் இழப்பு இருப்பதால் அவன் இழுப்பான். அவனை நம்பவே தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும். பெரியவர் சொன்னதில் கணக்கும் இருக்கிறது, அதற்கு மேல் ஏதோ ஒன்றும் இருக்கிறது. நாள் முழுக்கப் பல முறை தன் உயிரைக் கொடுத்துத் திரும்ப வாங்கி, வாங்கிப் பழகியதால் உண்டான ஒன்று.

நியூசிலாந்தில் பிறந்த தத்துவ அறிஞர் ஆனெட் பேயர், 1986இல் எழுதிய கட்டுரையில் சார்ந்திருப்பதையும் நம்புவதையும் பிரித்துக் காட்டினார். காண்ட் தினமும் ஒரே நேரத்தில் நடக்கப் போவதைப் பார்த்து மணி தெரிந்துகொண்ட அக்கம்பக்கத்தார், அவர் ஒருநாள் தூங்கிவிட்டால் ஏமாந்துபோவார்கள். ஆனால் காண்ட் கைவிட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது. நம்பிக்கை வேறு. அதில் துரோகத்துக்கு இடம் உண்டு. இந்த அளவுகோலில், என் மிதப்புச் சட்டை எனக்கு ஏமாற்றம் தரலாம், துரோகம் செய்யாது. கயிறு பிடித்தவரோ இரண்டையும் செய்யக்கூடியவர்.

அப்படியென்றால் சட்டை ஒரு விடுதலைதானே? தூத்துக்குடிப் பக்கம் கடைசியாக முத்துக்குளித்தல் நடந்தது 1961இல். அதே 1961இல்தான் பிரான்சில் மோரிஸ் ஃபென்சியின் பெயரால் அறியப்படும் மிதப்புச் சட்டை வந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை, சிப்பி அற்றுப்போனதால் இங்கே நின்றது. ஆனாலும் ஒரு கையிலிருந்து கயிறு நழுவிய வருஷத்திலேயே இன்னொரு கை தன் கயிற்றைத் தானே பிடித்துக்கொண்டதுபோல எனக்குத் தோன்றும்.

எனக்கு அந்த விடுதலை பிடிக்கும், அதற்கு ஊரும் ஒரு காரணம். நாசரேத்திலிருந்து கடல் தெரியாது. திருச்செந்தூர் போகும் ரயிலில் ஏறினால்தான் உப்புக்காற்று. எங்களுக்குத் தெரிந்தது பனையும் தேரி மணலும். பனையேறிக்குக் கயிறு பிடிக்க ஆள் கிடையாது. காலில் மாட்டும் தளைநாரைத் தானே முறுக்கி, தானே இழுத்துப் பார்த்து, ஒற்றை ஆளாக ஏற வேண்டும். அந்த வம்சத்தில் வந்தவனுக்கு, தன் உயிர் தன் இடது கைக் கட்டைவிரல் பொத்தானில் இருப்பது இயல்பாகவே தோன்றுகிறது.

ஆனால் கடல் பனை இல்லை. பனையேறி தன் நாரைத் தானே முறுக்கினார். என் வால்வை வருஷத்துக்கு ஒரு தரம் பிரித்துச் சுத்தம் செய்பவரை நான் பார்த்ததுகூட இல்லை. சிலிண்டரை நிரப்பிய கம்ப்ரசரின் வடிகட்டியை யார் மாற்றினார்கள் என்றும் தெரியாது. கயிற்றைப் பிடிப்பவர் மறைந்துபோகவில்லை. முகம் தெரியாதவராகி, பத்துப் பேராகப் பிரிந்துவிட்டார். அவர்களில் ஒருவர் அசந்தால் அது ஏமாற்றமா துரோகமா என்று பேயரிடம்கூடக் கேட்க முடியாது, ஏனென்றால் நான் அவர்களை நம்பியதாக எனக்கே நினைவில்லை. முத்துக்குளித்தவர் இறங்குமுன் தன் கயிற்றுக்காரரின் முகத்தை ஒரு தரம் பார்த்திருப்பார். கண்ணில் தூக்கம் இருக்கிறதா, நேற்று இரவு குடித்தாரா என்று தெரிந்திருக்கும். எனக்கு அந்த வசதி இல்லை.

அதனால் பழங்காலமே நல்லது என்று சொல்லப் போவதில்லை. தாமதமாக இழுக்கப்பட்டவர்கள் யாரும் நமக்குக் கதை சொல்ல வரவில்லை. சிப்பியில் அரசுக்குப் போன பங்கு குளித்தவர்களின் பங்கைவிடப் பெரியது என்பதையும் மறக்கக் கூடாது. நம்பிக்கை இருந்த தோணியில் நீதியும் இருந்தது என்றில்லை. அந்தப் பெரியவரே தன் மகனைக் கடலுக்கு அனுப்பவில்லை.

என் சட்டையைக் காட்டினேன். எஃகுத் தகடு, அதன்மேல் பதினான்கு கிலோ தூக்கும் சின்னப் பை. தூத்துக்குடிக்கோ அந்தமானுக்கோ வரும்போது எஃகைக் கழற்றிவிட்டு அலுமினியத் தகட்டை மாட்டிக்கொள்வேன். பெட்டியில் ஒன்றரை கிலோ மிச்சம், இடுப்பில் வேண்டாத எடையும் மிச்சம். பை மாறுவதில்லை. கேள்விக்கு என் பதில் அதுதான்: ஒரே சட்டை போதும், பெரியதைத் தேடாமல், குளிர்நீர்க் கணக்குக்குச் சரியாக நிற்பதைத் தேடினால். பெரியவர் பையை அமுக்கிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்:

"ஒங்கூட எறங்குறவன் ஒன்னயப் பாப்பானா, மீனப் பாப்பானா?"

"பெரும்பாலும் மீனத்தான் தாத்தா."

ஸ்காபாவில் படகிலிருந்து குதிக்குமுன், கூட இறங்குபவரின் ஈயம் எந்தப் பக்கம் எப்படிக் கழலும் என்று இப்போதெல்லாம் கையை வைத்துப் பார்த்துவிடுகிறேன். என்னுடையதையும் அவரைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். சிலருக்கு இது பிடிப்பதில்லை, சின்னப்பிள்ளை மாதிரி நடத்துகிறான் என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் தொட்டுப் பார்த்துவிடுவார்கள்.