கயிறு கட்டும் முன்பே பேசிவிடுங்கள்

நான்கு பேர் சேர்ந்து மரம் கழிக்கும் குழுவில் ஒருவர் முரண்டு பிடித்தால், அது அவரோடு நிற்காது. மேலே ஏறியவர் கிளையில் கயிறு கட்டி அறுக்கிறார். கீழே இருப்பவர் அந்தக் கயிற்றை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்து, கிளையை மெல்ல இறக்குகிறார். பாரத்தின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்தச் சுற்றின் உராய்வுதான். மேலிருப்பவர் குரல் கொடுக்காமல் அறுத்தால் கீழிருப்பவரின் கை போகும், சில நேரம் உயிரே போகும். 2016 வர்தா போன்ற புயலுக்குப் பிறகு இந்த ஆபத்து இன்னும் அதிகம். வளைந்து இறுகிய கிளை, அறுபட்டதும் எகிறும்.

முரண்டு பிடிப்பவர் பல இடங்களில் நன்றாக ஏறத் தெரிந்தவராகவும் இருப்பார். அவர் போனால் நாளைய வேலை நின்றுவிடுமே என்று மேஸ்திரி வாய் திறப்பதில்லை. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுப்பவன், கயிறு பிடிக்கும் இளைஞன்.

அவர் மரத்தில் இருக்கும்போது கத்தாதீர்கள். கையில் ரம்பம் இருக்கிறது. காலையில் டீ குடிக்கும்போது, தனியாக, ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள்: “அண்ணே, கீழேருந்து ‘சரி’ன்னு சத்தம் வந்த பிறகு அறுங்க.” ‘நீங்க எப்பவுமே இப்படித்தான்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மறுபடியும் மீறினால் அன்று ஏற்றாதீர்கள். கூலியைக் குறைக்காமல் கீழே கயிறு பிடிக்கச் சொல்லுங்கள். அதற்கும் மறுத்தால், கணக்கை முடித்து அனுப்பிவிடுங்கள். வேறு ஆள் கிடைக்கும்வரை பெரிய மரங்களை ஒப்புக்கொள்ள வேண்டாம்.