கள்வனுக்குக் கிட்டிய எச்சரிக்கை

பிரான்சு நாட்டில் போர்டோ நகரை அடுத்துள்ள மெதோக் பகுதி திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. வழிப்போக்கர்கள் கனியைப் பறித்துச் செல்வதைத் தடுக்க அங்குள்ள உழவர்கள் ஓர் உபாயம் கண்டனர். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் நீரில் கலந்து பாதையோரக் கொடிகளின்மீது தெளித்து வைத்தனர். நீலம் படிந்த கனியை நஞ்சென்று அஞ்சி எவரும் தொடார் என்பது அவர்கள் கணக்கு. 1882ஆம் ஆண்டு அடிச்சாம்பல் நோயால் மற்றக் கொடிகள் இலையுதிர்ந்து நின்றபோது, பாதையோரக் கொடிகள் மட்டும் பசுமை மாறாதிருப்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கண்ணுற்றார். அவர் ஆய்ந்து 1885இல் வெளியிட்ட அக்கலவையே 'போர்டோ கலவை' என இன்றளவும் வழங்குகிறது.

பூஞ்சாணக் கொல்லிகளை ஒரேயடியாகப் பழிப்பது நமது நோக்கமன்று. 1845 முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் அழித்தபோது, பட்டினியாலும் அதனைத் தொடர்ந்த பிணிகளாலும் சுமார் பத்து லட்சம் மக்கள் மாண்டனர். பயிரைக் காப்பதும் உயிரைக் காப்பதே.

நாம் வினவுவது வேறு. போர்டோ கலவை மேலே படிவது, கண்ணுக்குத் தெரிவது. 1960களின் இறுதியில் வந்த பெனோமில் போன்ற மருந்துகளோ பயிரின் உள்ளே ஊடுருவுபவை. எத்துணை கழுவினும் உள்ளே சென்றது முற்றிலும் நீங்காது. அது சிதைந்து குறைய நாட்கள் தேவை. ஆதலால், கடைசியாகத் தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே அறுக்க வேண்டுமென மருந்துக்கும் பயிருக்கும் ஏற்பக் கெடு விதித்திருக்கின்றனர்.

அக்கெடு முடியுமுன் சந்தையில் தக்காளி விலை ஏறிவிட்டதென வைத்துக்கொள்வோம். நாளை இறங்கிவிடலாம், கடன் கொடுத்தவரோ வாசலில் நிற்கிறார். உழவன் என் செய்வான்? அவன் பறித்து அனுப்பினால் கேட்பவர் எவருமிலர். காய் பளபளக்கிறது, வாங்குபவர் அறிய வழியே இல்லை. ஆனால், தன் வீட்டுக்கென மருந்தடிக்காத இரண்டு செடிகளை அவன் ஒதுக்கி வைத்திருப்பானாயின், அவனுக்கெதிராகச் சாட்சி சொல்ல வேறொருவர் வேண்டியதில்லை, அச்செடிகளே போதும். புள்ளி விழுந்த கனியைப் புறந்தள்ளிப் பளபளப்பையே தேடும் நாமும் இதில் பங்காளிகள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

சட்டம் அனுமதித்தது என்பதும் முழு விடையாகாது. பல பத்தாண்டுகள் பயன்பட்ட மான்கோசெப்புக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. நேற்றைய அனுமதி இன்றைய தடையாகலாம். குறையை மறைத்து விற்பது தவறென்பதோ என்றும் மாறாதது. பிறர் உண்ணும் பண்டம் நம் கையில் இருக்குமளவும் அது அமானிதமன்றோ?

மெதோக் உழவன் தன் கனியைக் காக்கவே நீலத்தைத் தெளித்தான். ஆயினும் திருட வந்தவனுக்கு அந்நீலமே எச்சரிக்கையாயிற்று. காசு கொடுத்து வாங்குபவருக்கு, அக்கள்வனுக்குக் கிட்டியதேனும் கிட்ட வேண்டாமா?