மானஸ்தர்களின் பொற்காலம்

சிசிலியின் மாஃபியாக்காரர்கள் தங்களை 'மானமுள்ள மனிதர்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். 1984இல் தொம்மாசோ புஸ்கெத்தா என்ற பழைய தாதா, விசாரணை நீதிபதி ஜொவான்னி ஃபால்கோனேயிடம் வாய் திறந்தபோது தன்னைத் துரோகியாகவே கருதவில்லை. கோர்லியோனே ஊரின் தோத்தோ ரீனாவும் அவர் ஆட்களும்தான் பழைய தர்மத்தைக் கெடுத்தார்கள் என்பது அவர் வாதம். இரண்டு மகன்களைப் பறிகொடுத்தவரின் ஆத்திரம் புரிகிறது. ஆனாலும் அது மாஃபியாவின் உள்மோதலில் தோற்ற அணியின் சாட்சியம். அந்தக் காலத்து ரவுடி பெண்டு பிள்ளைகளைத் தொடமாட்டான், இந்தக் காலத்தவன் காசுக்கு எதையும் செய்வான் என்ற பேச்சு நமக்கும் பழக்கமானதுதான். நம் சினிமா எத்தனை தாதாக்களுக்கு இதைச் சொல்லியே மாலை போட்டிருக்கிறது!

அந்தப் பொற்காலத்தைத் தேடிப் போனால் 1948 மார்ச்சில் அதே கோர்லியோனேயில் போய் நிற்கிறோம். விவசாயிகளைத் திரட்டிய தொழிற்சங்கத் தலைவர் பிளாசிதோ ரிஸ்ஸோத்தோவைக் கடத்திக் கொன்றார்கள். கொலையைப் பார்த்ததாகச் சொல்லப்படும் பதின்மூன்று வயது மேய்ப்பன் ஒருவன், காய்ச்சலில் பிதற்றியபடி ஊர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு அங்கேயே இறந்தான். அந்த மருத்துவமனையை நடத்தியவர் டாக்டர் மிக்கேலே நவார்ரா. ஊரின் மாஃபியாத் தலைவரும் அவரே. ஊசி போட்டுக் கொன்றார்கள் என்றே ஊர் நம்பியது. ரீனாவுக்கு அப்போது பதினேழு வயது. தர்மத்தைக் கெடுக்க அவர் இன்னும் தலையெடுக்கவில்லை.

அப்படியானால் பழையவர்களுக்கும் புதியவர்களுக்கும் வித்தியாசமே இல்லையா? உண்டு. 1992இல் ஃபால்கோனேயையும் அவர் மனைவியையும் காவலர்களையும் நெடுஞ்சாலையில் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அப்ரூவரான ஒருவரின் மகனை 1993இல் கடத்தி, இரண்டு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்து, கழுத்தை நெரித்து அமிலத்தில் கரைத்தார்கள். இந்த அளவுக்குப் பழையவர்கள் போனதில்லை. ஆனால் அவர்களைத் தடுத்தது மானமா? பழைய தாதாவுக்கு நிலப்பிரபுவின் தயவும் அரசியல்வாதியின் நட்பும் வேண்டியிருந்தன. அடக்கமாக இருப்பதில் லாபம் இருந்தது. எழுபதுகளில் ஹெராயின் பணம் கொட்டியதும் அந்தத் தேவை குறைந்தது. ரீனா 1993இல் பிடிபட்டார். அந்த வருடத்துக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு அரசின் பிடி இறுகியதும், அதே ஊர்க்காரரான பெர்னார்தோ ப்ரொவென்சானோ அமைப்பை மறுபடி சத்தமில்லாத வழிக்குத் திருப்பினார். மனசாட்சி திரும்பி வந்துவிட்டதா என்ன? நஷ்டம் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

சிலர் அந்த நெறியை உண்மையாகவே நம்பினார்களே என்று கேட்கலாம். நம்பினார்கள். ரீனாவே 2017இல் சிறைக் கைதியாக இறக்கும்வரை யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது யார்? கணவனைக் கொன்றவன் யாரென்று தெரிந்தும் வாய் திறக்க முடியாத பெண்கள். மாதாமாதம் மாமூல் கட்டிய கடைக்காரர்கள். அடுத்தவர் தலையில் செலவை ஏற்றிக் காப்பாற்றும் கௌரவத்தை நான் மானம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். பலெர்மோவில் துணி ஆலை நடத்திய லீபெரோ கிராஸ்ஸி, மாமூல் தரமாட்டேன் என்று 1991 ஜனவரியில் பத்திரிகையில் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். சக முதலாளிகள் அவரிடமிருந்து ஒதுங்கிக்கொண்டார்கள். ஆகஸ்ட் 29 அன்று வீட்டருகே சுட்டுக் கொன்றார்கள். 2004இல் அந்த நகரத்து இளைஞர்கள் சிலர், மாமூல் கட்டும் மக்களுக்குத் தன்மானம் இல்லை என்ற வாசகத்தை இரவோடு இரவாகச் சுவரெங்கும் ஒட்டினார்கள். மாமூல் தராத கடைகளின் பட்டியல் அதன்பின் பகிரங்கமாகவே வெளியிடப்பட்டது. அதில் நூற்றுக்கணக்கானவர்கள் தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள்.