நோயுற்றார்க்கு உரிய ஐந்து நற்குணங்கள்



பகவான் புத்தர் தமது எண்பதாம் வயதில், தம் உடலை வார்களால் இறுக்கிக் கட்டி ஓட்டப்படும் பழைய வண்டிக்கு ஒப்பிட்டு ஆனந்தருக்கு உரைத்தார். ததாகதரின் திருமேனியே மூப்புக்கு விலக்கன்று எனின், நம் உடல் எம்மாத்திரம்?

நம் சங்கத்து மூத்த உபாசகர் ஒருவருக்கு அண்மையில் தேய்ந்த இடுப்பு மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டுப் பொருத்தினர். அவரைக் காணச் சென்றோம். உறவினர் சிலர், "முற்பிறவி வினை" என்றனர். அவரோ, "இனிச் சம்மணமிட்டு அமர இயலாதே, விகாரைக்கு எவ்வாறு வருவேன்?" என்று கண் கலங்கினார். இவ்விரண்டுக்கும் தம்மத்தில் விடையுண்டு.

சீவகன் என்னும் பரிவிராசகன் வினவியபோது, நுகரும் துன்பமனைத்தும் பழவினையே என்பாரின் கொள்கை பிழையென்று பகவான் மறுத்தார். பித்தம், சிலேட்டுமம், வாதம், பருவ மாறுதல் முதலிய காரணங்களையும் எடுத்துக்காட்டினார். வினையென்று சொல்லி நம் முன்னோரைத் தாழ்த்தியது போதும். நோயாளியையும் அச்சொல்லால் வருத்துதல் வேண்டா.

இனி, எளிதிற் பேணத்தக்க நோயாளிக்கு விநய பிடகம் ஐந்து குணங்களைக் கூறுகின்றது.

முதலாவது, நன்மை பயப்பதைச் செய்தல். சிகிச்சை முடிந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்கவும், வாக்கர் பிடித்து நடக்கவும் சொல்வர். அஞ்சிப் படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையக்கூடும். படுக்கையிலும் கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல் நன்று.

இரண்டாவது, அளவறிதல். தாழ்ந்த இருக்கை, குந்துதல், காலின்மேல் கால் போடுதல், குனிந்து தரையிலுள்ளதை எடுத்தல் ஆகியவற்றைப் பெரும்பாலும் 6 முதல் 12 வாரங்கள் வரை விலக்கச் சொல்வர். மூட்டு நழுவாதிருத்தற்கே இக்கட்டுப்பாடு. உயரமான நாற்காலியும் மேல்நாட்டு முறைக் கழிப்பிடமும் முன்னரே அமைத்தல் வேண்டும். நலம் கண்டதும் மிகையாக நடத்தலும் தவறே.

மூன்றாவது, மருந்தை முறையாக உட்கொள்ளுதல். இரத்தம் உறையாதிருக்கத் தரும் மருந்தை, வலியில்லை என்று இடையில் நிறுத்துதல் கூடாது.

நான்காவது, உள்ளதை மறையாது உரைத்தல். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், புண்ணில் நீர் கசிதல் ஆகியவற்றை உடனே மருத்துவரிடம் கூறுக. மார்பு வலியோ மூச்சுத் திணறலோ கண்டால் கணமும் தாழாது மருத்துவமனைக்குச் செல்க. பிள்ளைகளுக்குத் தொல்லை என்றெண்ணி மறைத்தல் பெருந்தன்மையன்று.

ஐந்தாவது, பொறுத்தல். தையல் பிரிக்க ஏறத்தாழ இரு வாரம். அன்றாட வேலைகளுக்குத் திரும்பப் பலர்க்கு ஆறு வாரம் முதல் மூன்று மாதம். முழுவலிமை பெற ஓராண்டு வரையும் ஆகலாம். வீக்கமும் களைப்பும் சில வாரங்கள் இருப்பது இயல்பே. ஒருநாள் நன்றாகவும் மறுநாள் சோர்வாகவும் இருக்கும். உடல் வலி முதல் அம்பு. "நான் பயனற்றவனானேன்" என்னும் துயரம் நாமே எய்துகொள்ளும் இரண்டாம் அம்பு. பின்னதை விலக்குதல் நம் கையிலுள்ளது.

பணிவிடை செய்வோர்க்கும் ஒரு சொல். வயிற்றுப்போக்கால் வீழ்ந்து கிடந்த பிக்குவைப் பகவான் தம் கைகளால் நீராட்டினார். தமக்குப் பணி செய்ய விழைவோர் நோயாளிக்குப் பணி செய்க என்றும் அருளினார். அருவருப்பின்றிக் கழிகலம் எடுக்கும் மருமகளின் செயல், மலர் சாத்துதலினும் தாழ்ந்ததன்று. அப்பணி முழுவதும் அவள் ஒருத்தியின் தோள்மீதே விழாதபடி மைந்தரும் பங்கேற்க வேண்டும்.

பெரியவருக்கு நாம் சொன்ன விடை இதுவே: "ஐயா, தியானம் காலின் மடிப்பில் இல்லை, விழிப்பில் உள்ளது." வரும் பௌர்ணமி முதல் நம் விகாரையில் கைப்பிடியுள்ள உயர்ந்த நாற்காலிகள் நான்கு முன்வரிசையில் இடப்படும். அவற்றில் அமர்வோர் நாணவேண்டுவதில்லை. அவர்களைக் கைகொடுத்து அழைத்து வருதல் இளைஞராகிய உங்கள் கடமை.

நோயுற்றோர் யாவரும் நலமெய்துக! பேணுவோர் யாவரும் சோர்வின்றி வாழ்க!