கேட்பது காதா, உயிரா?

பிறவியிலேயே காது கேளாத குழந்தை பிறந்த வீட்டில், மருத்துவர் காரணம் சொல்லுமுன்பே ‘யார் செய்த வினையோ’ என்ற பேச்சு எழுந்துவிடுகிறது. தாய்மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணக்கும் வழக்கம் நீடித்த, தமிழக எல்லைப்புறத்துப் போச்சம்பள்ளி வட்டாரத்தில், ‘சொந்தத்தில் கட்டியதால்தான்’ என்ற இரண்டாவது பழியும் அதனோடு சேர்கிறது. நெருங்கிய உறவில் நடக்கும் மணம் மரபுவழிக் கேளாமைக்கான வாய்ப்பைக் கூட்டுவது உண்மையே என்றாலும், உள்காதின் அமைப்புக் குறைகள் அனைத்துக்கும் அதுவே காரணமன்று. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் நத்தைச்சுருள், அதாவது காக்ளியா, ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுக் கொண்டது. கருவின் தொடக்க வாரங்களில் அதன் வளர்ச்சி தடைப்பட்டால் சுற்றுகள் குறைகின்றன. பொலோனியா நகரின் கார்லோ மொண்டினி 1791இல் விவரித்த, காது கேளாத எட்டு வயதுச் சிறுவனின் சுருளில் ஒன்றரைச் சுற்றே இருந்தது.

வினையைக் காரணமாகக் காட்டுவோர் தம்மையறியாமல் சைவ சித்தாந்தத்தைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்தத் தத்துவமோ அவர்கள் பக்கம் நிற்பதில்லை. வினை அறிவற்ற சடம் என்பதால் அது தானாக உயிரைச் சென்று சேராது, அறிந்து கூட்டுபவன் இறைவனே என்பது 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் நிறுவிய நெறியின் கொள்கை. அப்படியிருக்க, பிறர் குழந்தையின் வினைக்கணக்கைத் திண்ணையில் அமர்ந்து படிப்பவர் இறைவனின் இருக்கையில் அல்லவா அமர்கிறார்?

அந்நெறியில் கேட்பது காதன்று, உயிர். ஆயினும் கருவியின் துணையின்றி உயிர் எதையும் அறியாது. உலகப் பொருள்களின் மூலமான மாயையிலிருந்து தோன்றிய சதைக்காதும் சடம், காக்ளியர் கருவி பொருத்தும் அறுவையில் சுருளுக்குள் நுழைக்கப்படும் பிளாட்டின மின்முனையும் சடம் எனும்போது, ஒன்று இயற்கை, மற்றது வினையை மீறிய செயற்கை என்ற பிரிவினைக்கு இடமில்லை.

கடினமான கேள்வி வேறிடத்தில் இருக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான இந்த அறுவையின் செலவை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஏற்கிறது. ஆனால் உருக்குறைந்த சுருளைத் திறக்கையில் மூளைத்தண்டுவட நீர் பீறிடலாம், நரம்பு மெலிந்திருந்தால் பலன் ஓரளவே கிட்டலாம். பலன் உறுதியில்லாதபோதும் சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்டு கூலியை இழந்து பேச்சுப் பயிற்சிக்கு அலையும் பெற்றோரிடம், வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் சந்தையில் கன்னடமும் ஒலிக்கும் இந்த எல்லைப்புறத்தில், எந்த மொழியை முதலில் ஊட்டுவது என்ற கேள்வியும் வந்து நிற்கிறது.

செவி நரம்பே இல்லாத குழந்தைக்கு இக்கருவி பயன்படாது. மூளைத்தண்டில் பொருத்தும் கருவி உண்டு. அதன் பலன் இன்னும் நிச்சயமற்றது. சைகைமொழியைத் தோல்வியின் அடையாளமாகக் கருதும் பழக்கத்தைச் சித்தாந்தம் ஆதரிக்காது. வாக்கையும் கையையும் தொழிற்கருவிகள் ஐந்தனுள் ஒரே வரிசையில் வைக்கும் அந்நெறியின்படி, வாக்குக்குரிய பணியைக் கை ஏற்பதில் உயிருக்கு இழுக்கேதுமில்லை.