மடியும் மூச்சுத்தடையும்

திருக்குறளின் 61ஆம் அதிகாரமாகிய மடியின்மை, காலம் தாழ்த்தல், மறதி, சோம்பல், அளவு மீறிய துயில் ஆகிய நான்கையும், அழிவை நோக்கிச் செல்பவர் விரும்பி ஏறும் மரக்கலமாகச் சொல்கிறது. விரும்பி ஏறுவதால்தான் அந்தப் பயணம் பழிக்குரியதாகிறது; ஒருவருடைய விருப்பத்துக்கு எட்டாத ஏதோ ஒன்று இதே நான்கையும் அவர்மீது சுமத்திவிடுமானால், அவரைச் சோம்பேறி என்று அழைப்பது அறமாகுமா என்னும் வினா எழுகிறது. பதின்வயதினரிடம் காணப்படும் உறக்க மூச்சுத்தடை நோய் இந்த வினாவை வீட்டுக்கும் வகுப்பறைக்கும் கொண்டுவருகிறது.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது எல்லோருக்கும் இயல்பே. ஆனால் டான்சில்களோ, மூக்கின் பின்புறமுள்ள அடினாய்டு சதையோ வீங்கியிருந்தாலும், உடற்பருமன் மிகுந்திருந்தாலும், தாடை சிறுத்திருந்தாலும், அந்தத் தளர்ச்சியில் மூச்சுப்பாதை அடைபட்டு, மார்பும் வயிறும் காற்றுக்காக முயன்றுகொண்டிருக்கும்போதே காற்று உட்செல்லாமல் நின்றுவிடுகிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைய, மூளை சில நொடிகள் விழித்துப் பாதையைத் திறக்கிறது. ஓரிரவில் பலமுறை இவ்வாறு நிகழ்ந்தாலும், நினைவில் பதியாத அளவுக்கு அந்த விழிப்பு சிறியது என்பதால், நன்றாகத் தூங்கியதாகவே அந்த மாணவர் உண்மையாக நம்பிச் சொல்வார்.

ஆழ்ந்த உறக்கமாகிய சுழுத்தியை இந்திய மெய்யியல் நெடுங்காலமாக ஆராய்ந்துள்ளது. எழுந்தவர் சுகமாக உறங்கியதாகவும் ஒன்றும் அறியாதிருந்ததாகவும் நினைவுகூர்வதை, உறக்கத்திலும் அறிவு சாட்சியாய் நிற்பதற்குச் சான்றாக அத்வைதிகள் காட்டுவர். அத்தகைய சாட்சி உண்டென்றே கொண்டாலும், அடைபட்ட மூச்சைப் பற்றி மறுநாள் அது எதையும் சொல்வதில்லை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரமே இங்கு மிகுதியும் துணைசெய்கிறது: உறக்கத்தில் மூச்சு இயங்கியும் நுகர்ச்சியும் செயலும் இல்லாமையால் உயிர் மூச்சுக்கு வேறானது என்றும், உணர்த்தினாலன்றி உணராத இயல்பினது என்றும் அது நிறுவுகிறது. உணர்த்துபவனாக அந்நூல் கருதுவது இறைவனையே எனினும், உயிரின் அறிவு பிறிதொன்றைச் சார்ந்தது என்னும் அத்தெளிவு இவ்விடத்துக்கும் பொருந்தும். தன் மூச்சு நின்றதைத் தானே அறிய முடியாதவருக்கு, அருகில் விழித்திருப்பவரே அதை அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

அந்தக் கடமை நெடுநாள் புறக்கணிக்கப்பட்டது. பள்ளியில் மந்தமாகத் தோன்றி, தலைவலியால் வருந்தி, வாயால் மூச்சுவிட்டு, இரவில் குறட்டையோடு புரளும் சிறாரைப் பற்றி 1889இலேயே வில்லியம் ஹில் என்னும் மருத்துவர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருந்தும், 1976இல் கிறிஸ்டியன் கில்மினோ குழுவினர் எட்டுச் சிறாரிடம் இந்நோயை விவரித்த பிறகே மருத்துவ உலகம் அதைக் கூர்ந்து நோக்கத் தொடங்கியது. இடைப்பட்ட 87 ஆண்டுகளில் இதன் பொருட்டு வசைக்கும் தண்டனைக்கும் ஆளான சிறாரை எண்ண மனம் கூசுகிறது.

பதின்வயதில் இந்நோய் எளிதில் மறைந்துகொள்கிறது. பருவமாற்றத்தால் உறக்க நேரமே இயல்பாகப் பின்தள்ளிப் போகிறது. கைபேசியும் தேர்வுகளும் உறக்கத்தைக் குறைக்கின்றன. தனியறையில் உறங்குபவரின் குறட்டையைக் கேட்க ஆளில்லை. எனவே பகல் தூக்கம் எல்லாமே நோய் என்று கொள்வதும் பிழையாகும். இவ்வயதினருக்குத் தேவையான 8 முதல் 10 மணி நேரம் உறங்கியும் களைப்பு நீங்காமை, பெரும்பாலான இரவுகளில் குறட்டை, மூச்சு நின்று திணறித் தொடர்தல், இரவு வியர்வை, காலைத் தலைவலி, நின்றிருந்த படுக்கை நனைத்தல் மீண்டும் தொடங்குதல், கவனச்சிதறல் ஆகியவை சேர்ந்து வரும்போதே ஐயம் வலுப்பெறுகிறது. அப்போதும் வெறும் குறட்டையையும் மூச்சுத்தடையையும் அறிகுறிகளால் மட்டும் பிரித்தறிய இயலாது. மூளை அலைகள், மூச்சோட்டம், மார்பசைவு, ஆக்ஸிஜன் அளவு ஆகியவற்றை இரவு முழுவதும் பதியும் பாலிசோம்னோகிராஃபி என்னும் சோதனையே அதற்குரிய அளவுகோல். மூச்சு அடைபடுதலும் குறைதலும் பெரியவர்களுக்கு மணிக்கு 5 முறையை எட்டினால் நோய் எனப்படுகையில், சிறாருக்கு மணிக்கு ஒருமுறையே இயல்பு மீறியதாகக் கொள்ளப்படுகிறது.

சோம்பேறி என்னும் தீர்ப்பை வழங்குமுன், பெற்றோர் சில இரவுகளேனும் பிள்ளையின் அறைவாசலில் நின்று அதன் மூச்சைக் கேட்க வேண்டும். கேட்டதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும்.