கண்ணாடி ஓட்டுக் குறிப்புகள்

அம்பாசமுத்திரத்தைச் சுற்றியுள்ள பழைய தெரு வீடுகள் நீளமானவை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்; ஜன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சத்தை மேலிருந்துதான் வாங்க வேண்டும். நடுவில் முற்றம், பின்கட்டில் அடுப்படிக் கூரையில் இரண்டு கண்ணாடி ஓடு. எங்கள் வீட்டிலும் வெயிலின் வரவு அவ்வளவுதான்.

சித்திரை பிறப்பை ஒட்டிச் சில நாட்களும், ஆவணி நடுவில் சில நாட்களும் நண்பகல் சூரியன் இந்த ஊருக்கு நேர் உச்சியில் நிற்கும். அப்போது ஓட்டுக்கு நேர் கீழே தரையில் வெளிச்சக் கட்டம் விழும். மற்ற மாதங்களில் அது வடக்கே சுவரில் ஏறியோ தெற்கே சாய்ந்தோ கிடக்கும். கட்டத்தின் நிறத்தைப் பார்த்தாலே கூரையின் நிலை தெரிந்துவிடும். புகை படிந்திருந்தால் பழுப்பாக இருக்கும். வேப்பிலை அடைந்திருந்தால் ஓரம் மங்கும். அண்ணாந்து பார்க்கும் பழக்கம் நமக்குக் குறைவு. தரையைப் பார்த்தாவது மேலே இருப்பதை நினைத்துக்கொள்ளலாம்.

*

மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும் அந்தச் சிவப்பு ஓடு தென்னாடு முழுக்கப் பரவியது. அதே அச்சில், அதே பள்ளமும் மேடுமாகக் கண்ணாடியிலும் ஓடு வார்த்தார்கள். ஆகையால் சிவப்பு ஓடு ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி ஓட்டை வைத்தால் போதும். ஆணி இல்லை, சிமெண்ட் இல்லை, பசை இல்லை. ரீப்பர் கட்டையில் மாட்டிக்கொண்டு தன் எடையிலேயே உட்கார்ந்திருக்கும்.

இது இத்தனை காலம் நீடிப்பதற்குக் காரணம் அந்த எளிமைதான் என்று நினைக்கிறேன். மழைக்கு ரீப்பர் ஊறி விரிந்தால் ஓடும் கூடவே நகர்ந்து கொடுக்கும். தண்ணீர் எங்கும் தேங்காமல் அடுத்த ஓட்டின் மேல் வழிந்துவிடும். அழுக்கானால், கூரை கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், உள்ளிருந்தே மேல் ஓட்டைச் சற்றுத் தூக்கிக் கண்ணாடி ஓட்டை உருவி எடுக்கலாம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு அடுப்புக் கரியைத் துடைத்துத் திரும்ப வைக்கலாம். பிரிக்க முடிகிற எதையும் பேண முடியும்.

*

முற்றத்துக்கு மேலே போட்டிருப்பது பாலிகார்பனேட் தகடு. குரங்கும் சாரலும் உள்ளே வராமல் இருக்க இன்று பல வீடுகளில் இதுதான். வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்க்கும் கொத்தனார் சொல்லுவார்: “தகட்டப் பாத்து என்ன அண்ணாச்சி, ஓரத்தப் பாருங்க.” அவர் சொல்லில் இருக்கும் உண்மை எனக்கு வருஷா வருஷம் ஆழமாகிறது. நடுவில் இருக்கும் கண்ணாடியோ தகடோ சீக்கிரம் கெடுவதில்லை. ஓரம்தான் முதலில் போகிறது. அங்கேதான் தண்ணீர் நிற்கிறது, தூசி சேர்கிறது, வெயிலில் ரப்பர் காய்ந்து வெடிக்கிறது, இரும்பு துரு பிடிக்கிறது.

பாலிகார்பனேட் வெயிலுக்குக் கண்ணாடியைப் போல ஏழு மடங்கு விரியும். பத்தடி நீளத் தகடு அதிகாலைக் குளிருக்கும் நண்பகல் சூட்டுக்கும் இடையில் 7, 8 மில்லிமீட்டர் கூடிக் குறையும். தினமும் நடக்கும் இந்த மூச்சுக்கு இடம் விடாமல் திருகாணியை இறுக்கிவிட்டால் துளையைச் சுற்றி நட்சத்திரம் போல விரிசல் விழும். துளை திருகாணியைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மேலே நல்ல ரப்பர் வாஷர் வேண்டும். மலிவான பிவிசி வாஷர் கூடாது. அதிலிருந்து கசியும் மென்மையூட்டி தகட்டையே அரித்து வெடிக்க வைக்கும். இறுக்கமும் அளவோடுதான் இருக்க வேண்டும்: வாஷர் அழுந்த வேண்டும், பிதுங்கக் கூடாது.

புறஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம் மேலே என்று மேலுறைப் பிளாஸ்டிக்கில் அச்சிட்டிருப்பார்கள். தலைகீழாகப் போட்டால் சில கோடைகளிலேயே மஞ்சளாகி மொறுமொறுவென்று உடையும். அதன் பிறகு எந்தப் பராமரிப்பும் உதவாது. பூட்டிய உடனே அந்த மேலுறையை உரித்துவிடவும் வேண்டும். வெயிலில் விட்டால் ஒட்டிக்கொண்டு வராது.

உள்ளே குழாய் குழாயாக இருக்கும் தகடு என்றால் குழாய்கள் சரிவு வாக்கிலேயே ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் முழுக்க அடைக்க வேண்டும். கீழ் முனையில் காற்றுப் போகும் டேப். இரண்டு முனையையும் திறந்து விட்ட முற்றங்களில் பச்சைப் பாசி படர்ந்து கிடப்பதைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கிறது. உள்ளே போய் அதைத் துடைக்க வழியே இல்லை.

*

ஆனி, ஆடி. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று. சாரல் ஈரத்தில் ஓட்டின் மேல் பாசி. இந்த இரண்டு மாதமும் கூரை ஏறக் கூடாது. கீழே நின்று கேட்க மட்டும் செய்யலாம். தளர்ந்த தகடு காற்றில் தட்டும். எந்த மூலை என்று காது சொல்லிவிடும். அதைக் குறித்து வைத்துக்கொள்கிறேன்.

*

துடைப்பது பற்றி. வெயில் ஏறுவதற்கு முன், அல்லது சாய்ந்த பிறகு. சூடான தகட்டில் ஊற்றும் தண்ணீர் துடைக்கும் முன்பே காய்ந்து திட்டாகிவிடும். எங்கள் போர்த் தண்ணீர் உப்பு; காய்ந்தால் வெள்ளைப் படலம் விடும், நாளாக நாளாகக் கண்ணாடியில் ஏறிவிடும். ஆற்றுத் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ நல்லது. முதலில் தாராளமாகத் தண்ணீர் விட்டு மணலைக் கழுவிவிட வேண்டும். பிறகு ஈர உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். நறநறவென்று பட்டால் இன்னும் மணல் இருக்கிறது. வழுவழுவென்று ஆன பிறகுதான் துணி. பழைய வேட்டித் துணி, நாலு சொட்டு சோப்பு. காய்ந்த புறா எச்சத்தைச் சுரண்டக் கூடாது. ஈரத்துணியைக் கொஞ்ச நேரம் போட்டு வைத்தால் அதுவே இளகி வரும். கண்ணாடிக்கென்று விற்கும் அம்மோனியா கலந்த தெளிப்பான் கண்ணாடிக்குச் சரி. பாலிகார்பனேட்டை அது மங்கடித்துவிடும். தின்னர் பக்கமே போகக் கூடாது.

அவசரமில்லாமல் செய்தால் இதில் ஒரு நிம்மதி இருக்கிறது. கை ஓடும் வழியில் வெளிச்சம் கூடுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

*

மார்கழி விடியலில் தகட்டின் அடியில் முத்து முத்தாக நீர். மழையே இல்லை. வீட்டுக்குள்ளிருந்து எழுந்த ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு வியர்த்தது அது. இதைக் கசிவு என்று எண்ணி மேலே சிலிகான் அப்புகிறவர்கள் நிறையப் பேர். வேண்டியது காற்றோட்டம்: பக்கவாட்டில் ஒரு கை அகலத் திறப்பு, அதில் கொசுவலை.

உண்மையான கசிவைக் கண்டுபிடிப்பதற்குப் பொறுமை வேண்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருப்பது அபூர்வம். தண்ணீர் சட்டத்தின் அடியிலேயே ஓடி வேறெங்கோ விழும். ஓஸ் பைப்பால் கீழ் ஓரத்தில் தொடங்கி, ஒருவர் உள்ளே நின்று பார்க்க, மெல்ல மெல்ல மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் நனைந்துவிடும், ஒன்றும் தெரியாது.

அலுமினியச் சட்டத்தின் கீழ்ப்பக்கம் சின்னத் துளைகள் இருக்கும். உள்ளே புகுந்த நீர் வெளியேறுவதற்காகச் செய்தவை. அவற்றையும் அடைத்துவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அடைபட்ட நீர் உள்ளேயே கிடந்து ரப்பரை ஊற வைக்கும். இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடி என்றால் ஓரத்திலிருந்து வெள்ளை பூக்கத் தொடங்கும். வருஷம் ஒருமுறை மெல்லிய கம்பியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுவது இந்த வேலைகளிலேயே சிறியது, அதிகப் பலன் தருவது. சிலிகான் பூச வேண்டியே வந்தால் வினிகர் வாடை அடிக்கும் வகையைத் தவிர்த்து ‘நியூட்ரல்’ என்று கேட்டு வாங்க வேண்டும். பழையதை முழுக்கச் சுரண்டி எடுத்து, காய வைத்த பிறகே புதியது. பழசின் மேல் பூசியது ஒரு மழைக்குக்கூட நிற்பதில்லை.

*

கூரையில் வெளிச்சம் விடும் எந்த இடமும் ஆளைத் தாங்காது. தூசி படிந்த பைபர் ஷீட்டுக்கும் பக்கத்து சிமெண்ட் ஷீட்டுக்கும் மேலிருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. கால் வைத்த நொடியில் மனிதர்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். அப்படி விழுகிறவர் பெரும்பாலும் கூலிக்கு ஏறியவர். ஆள் ஏற்றும் வீட்டுக்காரர் முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை இரண்டு: கைமரங்களுக்குக் குறுக்கே போட நீளப் பலகை, இடுப்புக்குக் கயிறு. பலகை இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. ஒரு வெளிச்சக் கட்டத்துக்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்க நமக்கு உரிமை கிடையாது. கீழே நிரந்தரமாக ஒரு இரும்பு வலை இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு ரெட் ஆக்ஸைடு அடித்து வர வேண்டும்.

*

பழைய அச்சில் கண்ணாடி ஓடு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. வாங்கப் போகும்போது வீட்டுச் சிவப்பு ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போக வேண்டும். அச்சு ஒரு நூல் மாறினாலும் பள்ளத்தில் உட்காராது. ஐப்பசி மழை அந்த இடைவெளி வழியே இறங்கிவிடும். உபரியாக இரண்டு ஓடு வாங்கி, படுக்க வைக்காமல், நெல் மூட்டைக்குப் பின்னால் சுவரோரம் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

புரட்டாசி கடைசி வாரம் கொத்தனார் வருகிறார். முற்றத்துத் தெற்கு ஓரத்தில் வாஷர்கள் காய்ந்திருக்கின்றன, மாற்ற வேண்டும். வடகிழக்கு மூலை ஆடிக் காற்றில் தட்டியது. பலகையை முந்தின நாளே பக்கத்து வீட்டில் வாங்கி வைக்க வேண்டும்.